வக்கீல் படிப்பும் தமிழ்ப் படிப்பும்

சென்னை நுங்கம்பாக்கத்தில் கல்லூரிச் சாலை என்று ஒரு சாலை இருக்கிறது. அங்கே பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி இருப்பதால் அந்தப் பெயர் வந்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். அந்தக் கல்லூரி தொடங்கியது 1915-இல். சாலைக்குப் பெயர் கொடுத்த கல்லூரி அதற்கும் நூறாண்டு மூத்தது. இன்று பள்ளிக் கல்வித் துறை அலுவலகங்கள் இருக்கும் வளாகத்தில் இயங்கிவந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிதான் அது.

1812-இல் அதை நிறுவியதில் முக்கியப் பங்கு எல்லிஸ் துரைக்கு உண்டு. பிரான்சிஸ் வைட் எல்லிஸ் அப்போது சென்னைக் கலெக்டர். இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கும் இளம் அதிகாரிகளுக்குத் தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், சமஸ்கிருதம், அரபி, பாரசீகம், இந்துஸ்தானி எல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்கப்பட்டன. பரீட்சையில் தேறினால் படி கூடும். அதனால் பண்டிதரிடம் இலக்கணம் கேட்பதில் துரைகளுக்கு அக்கறை வந்தது.

அதே கல்லூரியில் உள்ளூர் மாணவர்களுக்கு வேறொரு வகுப்பும் நடந்தது. இந்து சட்டமும் முகமதிய சட்டமும் கற்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றங்களுக்குச் சட்ட அதிகாரிகளாகவும் வக்கீல்களாகவும் போகவேண்டியவர்களுக்கான படிப்பு அது. சமஸ்கிருதத்தில் இருந்த மிதாட்சரம் என்ற இந்து சட்ட நூலின் விவகார காண்டம் தமிழுக்கு வந்ததும் இந்தக் கல்லூரி வட்டாரத்தில்தான்.

மொழியையும் சட்டத்தையும் எதற்காக ஒரே கூரையின்கீழ் வைத்தார்கள்? ‘காணியாட்சி’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும். தொண்டை மண்டலத்து ஊர் ஒன்றில் நிலத் தகராறு. ஒரு தரப்பார் தங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் காணியாட்சி உண்டு என்கிறார்கள். எதிர்த்தரப்பில் நிற்பவர் பாயக்காரி, அதாவது குத்தகைக் குடி. அவரிலும் இரண்டு வகை: ஊரிலேயே தங்கி வழிவழியாக உழுபவர் உள்குடி, வெளியூரிலிருந்து வந்து உழுபவர் பரக்குடி. எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தெரியாமல் கலெக்டர் தீர்ப்பு எழுதினால் ஒரு குடும்பத்தின் நிலமே போய்விடும். காணியாட்சிக்கு அரசாங்கக் காகிதங்களில் வழங்கிய பெயர் மிராசு. அந்த மிராசு உரிமையைப் பற்றி எல்லிஸ் 1818-இல் விரிவாக எழுதினார். பழைய சாசனங்களையும் பத்திரங்களையும் புரட்டி, சிரஸ்தார் சங்கரய்யாவின் துணையோடு செய்த வேலை அது.

இதே மொழி ஆராய்ச்சியில் விளைந்ததுதான் அவருடைய புகழ்பெற்ற இன்னொரு கண்டுபிடிப்பும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பம், அவை சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல என்பதை, கல்லூரிப் பாடநூலாக 1816-இல் வந்த கேம்பெல்லின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய குறிப்பில் அவர் நிறுவினார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவர அப்போது இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. எல்லிஸ் 1819-இல் ராமநாதபுரத்தில் இறந்துபோனார். தாண்டவராய முதலியார் போன்ற பண்டிதர்கள் கல்லூரிப் பணியைத் தொடர்ந்தார்கள். 1854-இல் கல்லூரி மூடப்பட்டது.

மூன்றே ஆண்டில், 1857-இல், சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டு பேர்: சி.வை. தாமோதரம் பிள்ளை, விசுவநாத பிள்ளை. இருவருமே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரியில் படித்தவர்கள். அரசாங்கக் கணக்கு வேலையில் இருந்த தாமோதரம் பிள்ளை 1871-இல் பி.எல். பட்டமும் வாங்கினார். கும்பகோணத்தில் வக்கீல் தொழில் நடத்தினார். பிறகு புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதி ஆனார்.

இன்று அவர் பெயரைச் சொல்ல வைப்பது அவர் நடத்திய வழக்குகள் அல்ல. செல்லரித்த ஏடுகளைத் தேடிப்பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, வீரசோழியம், தொல்காப்பியப் பொருளதிகாரம், கலித்தொகை என்று அவர் அச்சேற்றிய நூல்கள்தாம். ஒரே பத்திரத்தின் இரண்டு நகல்களை எதிரெதிரே வைத்து எது மூலம் என்று பார்ப்பது வக்கீலுக்குப் பழக்கமான வேலை. ஏட்டுப் பிரதிகளுக்கும் அதே கண் வேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கும் மொழிக்கும் ஒரே மாதிரி மதிப்பு இருக்கவில்லை. மாநிலக் கல்லூரியில் ஒரு வகுப்பாக நடந்துவந்த சட்டப் படிப்பு 1891-இல் தனிக் கல்லூரி ஆயிற்று. சில ஆண்டுகளில் உயர் நீதிமன்றத்தின் பக்கத்திலேயே சிவப்புக் கட்டடமும் எழுந்தது. தமிழுக்கோ, 1902-ஐ ஒட்டி இருக்கும் இடமும் பறிபோகப் பார்த்தது. பட்டப் படிப்பிலிருந்து தாய்மொழிகளை எடுத்துவிடலாம் என்ற யோசனை கிளம்பியபோது, பரிதிமாற் கலைஞரும் மு.சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதை எதிர்த்து நின்றார்கள்.

தமிழ்ப் பண்டிதர் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது கஷ்டம். பி.எல். முடித்துக் கறுப்புக் கோட்டு போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கினால் தமிழில் ஊறிய பலர் சட்டம் படித்தார்கள், பிறகு திரும்பவும் தமிழுக்கே வந்தார்கள். திருநெல்வேலி கா. சுப்பிரமணிய பிள்ளை எம்.எல். பட்டம் பெற்றதால் ஊரார் வாயில் ‘எம்.எல். பிள்ளை’ ஆனார். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவை நிகழ்த்தியவர், சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். அவர்தான் தமிழ் இலக்கிய வரலாறும் எழுதி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். தூத்துக்குடியில் வக்கீலாக இருந்த நாவலர் சோமசுந்தர பாரதியார் 1933-இல் அதே பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நடத்தப் போனார். சட்டம் படித்த தெ.பொ. மீனாட்சிசுந்தரமும் அங்கே பேராசிரியராக இருந்தார். 1966-இல் மதுரைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தர் அவரே.

எஸ். வையாபுரிப் பிள்ளையும் இந்த வரிசையில் வருபவர். திருவனந்தபுரத்திலும் திருநெல்வேலியிலும் வக்கீல் தொழில் பார்த்தவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1926-இல் தமிழ் லெக்சிகன் பதிப்பாசிரியராக அழைத்துக்கொண்டது. பத்தாண்டு உழைப்பில், 1936-இல் ஆறாம் தொகுதியோடு அகராதியின் பெரும்பகுதி முடிந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள். இலக்கியச் சொற்களோடு நிலப் பத்திரங்களிலும் வழக்குமன்றத்திலும் புழங்கிய சொற்களும் அதில் உண்டு. ‘காணியாட்சி’யும் இருக்கிறது, பரம்பரை உரிமையாக அனுபவிக்கும் நிலம் என்ற பொருளோடு.