யூசென்: பட்டில் போட்ட வரப்பு

யூசென் என்பது ஜப்பானின் கியோட்டோ நகரில் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருப்பெற்ற பட்டுச் சாய ஓவியம். பட்டில் தூரிகையால் படம் எழுதுவது அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சீனாவிலும் ஜப்பானிலும் வழக்கத்தில் இருந்தது. ஆனால் அவை பெரும்பாலும் சுவரில் தொங்கவிடும் படங்கள். உடுத்தும் துணியில் அதே நுணுக்கத்தோடு எழுதுவதுதான் சிக்கல். பட்டில் ஒரு சொட்டுச் சாயம் விழுந்தால் அது இழை வழியே ஓடிப் பரவிவிடும். பக்கத்துப் பக்கத்து வயல்களில் நீர் கலக்காமல் வரப்பு காப்பதுபோல, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு வரப்பு வேண்டும்.

நாரா நகரின் ஷோசோயின் களஞ்சியத்தில் 8ஆம் நூற்றாண்டுத் துணிகள் பாதுகாக்கப்பட்டுள்ளன. மெழுகை வரப்பாக வைத்துச் சாயம் ஏற்றியவையும் அவற்றுள் உண்டு. பிற்காலத்தில் ஜப்பானில் அந்த மெழுகு முறை வழக்கொழிந்து, அதன் இடத்தை அரிசிப் பசை பிடித்தது. சோழமண்டலக் கரையில் மெழுகும் படிகாரமும் கொண்டு எழுதப்பட்ட பருத்தித் துணிகள் டச்சுக் கப்பல்களில் ஜப்பானுக்குப் போய், 'சரசா' என்ற பெயரில் அங்கே பெரிதும் விரும்பி வாங்கப்பட்டதும் யூசென் உருப்பெற்ற அதே 17ஆம் நூற்றாண்டில்தான்.

யூசெனின் வளர்ச்சிக்கு ஓர் அரசாணையும் வழிவிட்டது. வணிகர் வீட்டுப் பெண்களின் உடையில் ஆடம்பரம் மிஞ்சுகிறது என்று கருதிய ஷோகுன் என்ற படைத்தலைவரின் ஆட்சி, 1683இல் பொன்னிழை வேலை, பூத்தையல், உடை முழுதும் நுண்முடிச்சுச் சாயம் ஆகியவற்றுக்குத் தடை விதித்தது. சாயத்தால் எழுதிய படத்துக்குத் தடை இல்லை. பணமும் ரசனையும் அந்தப் பக்கம் திரும்பின.

அப்போது கியோட்டோவில் புகழோடு இருந்தவர் விசிறி ஓவியர் மியாசாகி யூசென்சாய். 1682இல் வெளிவந்த இஹாரா சைக்காக்குவின் நாவலிலேயே அவருடைய விசிறிகள் பேசப்படுகின்றன. அவர் பாணி வடிவங்கள் 1688இல் மாதிரி நூலாகவும் அச்சாயின. பசை முறையைக் கண்டுபிடித்தவர் அவரே என்று சொல்வது மிகை. சாயக்காரர்கள் அதை முன்பே அறிந்திருந்தனர். மக்கள் கேட்டு வாங்கியது அவர் வடிவங்களை. அதனால் தொழிலுக்கே அவர் பெயர் நிலைத்தது.

வேலை வெள்ளைப் பட்டில் தொடங்குகிறது. ஒரு கிமோனோவுக்குரிய துணி சுமார் 12 மீட்டர் நீளமும் 38 செ.மீ. அகலமும் இருக்கும். தையலைத் தாண்டியும் படம் தொடர வேண்டுமானால், துணியை முதலில் கிமோனோவாக இழையோட்டி, அதன்மேல் கோடு வரைந்துகொண்டு, மறுபடி பிரித்துவிடுவார்கள். கோடு வரைய உதவுவது நம் வயல் வரப்பில் முளைக்கும் கானாவாழையின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் நீலப் பூச்சாறு. தண்ணீர் பட்டதும் அது சுவடின்றி மறைந்துவிடும்.

அடுத்தது வரப்பு. ஒட்டும் தன்மையுள்ள அரிசி மாவும் தவிடும் பிசைந்து வேகவைத்து, உப்பும் சுண்ணாம்பும் சேர்த்துப் பசை ஆக்குவார்கள். சீமைப்பனிச்சைக் காயின் துவர்ச்சாறு ஏறிய தாளைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் உலோக முனை பொருத்தி, மருதாணிக் கூம்பை அழுத்துவதுபோல் மெல்ல அழுத்த, பசை நூலிழையாய்க் கோட்டின்மேல் இறங்கும். ஒரே கனம், ஒரே வேகம், எங்கும் அறுபடக்கூடாது. பிறகு ஊறவைத்து அரைத்து வடித்த சோயாச் சாற்றைத் துணியில் பூசுவார்கள். அதிலுள்ள புரதம் சாயம் கசியாமல் பிடித்துக்கொள்ளும். மூங்கில் வில்களால் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணியில், கீழிருந்து இளஞ்சூடு காட்டியபடி நிறம் தீட்டுவார்கள்.

தீட்டிய படத்தை முழுவதும் பசையால் மூடி, அகலத் தூரிகையால் பின்புல நிறத்தை ஓட்டுவார்கள். நீராவியில் வேகவைத்தால்தான் சாயம் இழைக்குள் ஏறி நிலைக்கும். கடைசியில் ஓடும் நீரில் அலசுவது. பசைக்கோடு கரைந்த இடமெல்லாம் மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். யூசெனின் அடையாளமே அதுதான். கியோட்டோவின் காமோ ஆற்றில் வண்ணப் பட்டுகள் நீளமாக மிதந்த காட்சி, நீர் மாசு காரணமாக 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முடிவுக்கு வந்தது. இப்போது பெரும்பாலும் தொட்டிகளில் அலசுகிறார்கள்.

கியோட்டோவில் இத்தனை படிகளையும் ஒருவரே செய்வதில்லை. பசைக்கோடு இழுப்பவர் ஆயுள் முழுக்க அதையே இழுப்பார். நிறம் தீட்டுபவர், வேகவைப்பவர், அலசுபவர் எல்லாரும் வேறு வேறு. வெவ்வேறு பட்டறைகளுக்குத் துணியை அனுப்பி வேலையை இணைப்பது வணிகரின் பொறுப்பு. கானசாவா நகரின் காகா யூசெனில் பெரும்பகுதி வேலை ஒரே கலைஞரின் கையில் நடக்கும். நீலம், செங்கருஞ்சிவப்பு, காவி, புல்பச்சை, ஊதா என்ற ஐந்து நிறங்களும், பூச்சி அரித்த இலையை அரித்தபடியே எழுதுவதும் அதன் தனித்தன்மை.

பேரரசர் மெய்ஜியின் காலத்தில் ஐரோப்பியச் செயற்கைச் சாயங்கள் வந்தன. சாயக்காரர் ஹிரோசே ஜிசுகே அவற்றைப் பசையோடு கலந்து, வெட்டிய தாள் அச்சுகள் வழியே துணியில் ஏற்றும் முறையை உருவாக்கினார். யூசென் நடுத்தர வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 1940 ஜூலையில் போர்க்கால அரசு ஆடம்பரப் பொருள்களைத் தடை செய்தபோது, 1683போல மாற்றுவழி எதுவும் திறக்கவில்லை, பட்டறைகள் முடங்கின. போருக்குப் பின் அரசு தலைசிறந்த கைவினைஞர்களுக்கு 'வாழும் தேசியச் செல்வம்' என்ற தகுதி அளித்தது. 1967இல் அதைப் பெற்ற மொரிகுச்சி காக்கோ, உலர்ந்த பசையை நொறுக்கித் துணியில் தூவிப் பனித்துகள்போல் வெண்புள்ளி எழுப்பியவர். பாரிஸில் வடிவமைப்புப் படித்த அவர் மகன் குனிஹிக்கோ, ஓவியர் பால்த்தூஸின் அறிவுரையால் ஊர் திரும்பித் தந்தையின் தொழிலை ஏற்று, 2007இல் அதே தகுதியைப் பெற்றார்.

இன்று இணைய வகுப்புகளில் உலகெங்கும் கற்பிக்கப்படும் பட்டு ஓவியம் பெரும்பாலும் பிரான்ஸில் வேரூன்றிய 'செர்த்தி' முறை. அங்கே வரப்பு அரிசிப் பசையால் அல்ல, குட்டா என்னும் பிசினால் ஆனது, குப்பியிலேயே கிடைக்கும். கோட்டில் ஊசிமுனை இடைவெளி இருந்தாலும் நிறம் வெளியேறிவிடும் என்பது கியோட்டோவிலும் இணைய வகுப்பிலும் ஒரே பாடம். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் அந்த இடைவெளி தெரிந்துவிடும். ஈர நிறத்தின்மேல் கல்லுப்பைத் தூவிப் பூப்பூவாய்த் திட்டு எழுப்புவதையும் காணொளியில் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். ஆனால் பல தொடக்க வகுப்புகள் இஸ்திரிப் பெட்டியால் நிலைநிறுத்தும் வண்ணத்தோடு நின்றுவிடுகின்றன. அந்த வண்ணம் இழையின் மேலே படிந்து துணியைச் சற்று விறைக்க வைக்கும். சாயம் இழைக்குள் போய்ப் பட்டின் பளபளப்பு அப்படியே நிற்பது வேகவைக்கும்போதுதான். வகுப்பில் சேர நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, நீராவியில் சாயம் ஏற்றும் பாடம் அதில் இருக்கிறதா என்பதை.