"நரம்பு கிடைக்கலை!" - கழுத்துக்குள் போகும் குழாயும் அதற்கு வழிகாட்டும் ஸ்கேனும்

சைதாப்பேட்டையில் இருந்து மறைமலை அடிகள் பாலத்தைத் தாண்டி, சின்னமலை வழியாக சர்தார் படேல் சாலையில் திரும்பினால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் 12 படுக்கைகளோடு தொடங்கியது. 1980களில் மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைகளோடு சேர்ந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு எம்.சி.பி. 841 என்ற சிகிச்சை முறையை இங்கே பின்பற்றினார்கள். இந்த நோய்க்கான சிகிச்சை வருடக்கணக்கில் நீளும்.

அத்தனை நாளும் குழந்தையின் கை ஊசியைத் தாங்குமா? சில கீமோ மருந்துகள் சிறிய ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கிவிடும். போகப் போக "நரம்பு கிடைக்கலை" என்று நர்ஸ் கையைத் தட்டித் தட்டித் தேட வேண்டியதுதான். (பேச்சில் நரம்பு என்றாலும் உண்மையில் அது சிரை.) இதற்குத் தீர்வு, இதயத்துக்கு அருகே உள்ள பெரிய சிரை வரை மெல்லிய குழாயைச் செலுத்தி, மாதக்கணக்கில் அங்கேயே விட்டு வைப்பது.

குழாய் வந்த கதை

1929-ல் ஜெர்மன் டாக்டர் வெர்னர் ஃபோர்ஸ்மான் தன் கைச் சிரை வழியாகத் தானே ஒரு குழாயை இதயம் வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போய்ப் படம் எடுத்துக்கொண்டார்! 1956-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1953-ல் ஸ்வீடனின் செல்டிங்கர் எளிய வழி ஒன்றைச் சொன்னார்: முதலில் ஊசி, ஊசிக்குள் கம்பி, பிறகு ஊசியை எடுத்துவிட்டுக் கம்பியின் மேல் குழாய். நீண்ட நாள் தங்கும் குழாய்களை 1973-ல் பிரோவியாக்கும் 1979-ல் ஹிக்மனும் கொண்டு வந்தார்கள். அவை தோலுக்கடியில் சுரங்கம் போலச் சென்று சிரைக்குள் நுழையும்.

குழாய் மாறியது. குத்தும் முறை மட்டும் மாறவில்லை. கழுத்துத் தசையையும் காரை எலும்பையும் தடவிப் பார்த்து, "இங்கேதான் இருக்க வேண்டும்" என்று குத்துவார்கள். கழுத்துச் சிரையை ஒட்டியே மூளைக்குப் போகும் தமனி இருக்கிறது. கொஞ்சம் கீழே நுரையீரலின் மேல்நுனி. குறி தப்பினால் ரத்தம் கட்டும், அல்லது நுரையீரலில் ஓட்டை விழும். சிரை எல்லோருக்கும் ஒரே இடத்தில் இருப்பதும் இல்லை.

பார்த்துக் குத்தும் காலம்

1978-ல் டாப்ளர் ஒலியைக் கேட்டுச் சிரையைத் தேடினார்கள். 1980களில் அது திரையில் படமாகவே தெரிந்தது. கருவியை லேசாக அழுத்தினால் சிரை நசுங்கும். தமனி நசுங்காமல் துடிக்கும். அடையாளம் அவ்வளவுதான்.

1993-ல் பிட்ஸ்பர்க் டாக்டர்கள் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டார்கள். முதல் குத்திலேயே சிரை கிடைத்தது, தடவிப் பார்த்தபோது 38 சதவீதம் பேருக்கு, ஸ்கேன் பார்த்தபோது 78 சதவீதம் பேருக்கு. தவறுதலாகத் தமனியில் குத்தியது 8.3 சதவீதத்தில் இருந்து 1.7 ஆகக் குறைந்தது. 2002-ல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, கழுத்துச் சிரையில் குழாய் வைக்க ஸ்கேன் முறையையே பரிந்துரைத்தது.

இந்தியாவில் ஒரு சிக்கல்

இங்கே அதே ஸ்கேன் கருவிக்கு இன்னொரு முகம் உண்டு. பெண் சிசுவைக் கருவிலேயே கண்டுபிடித்து அழிக்க அது பயன்பட்டது. ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1000 ஆண்களுக்கு 1991-ல் 945 பெண்கள். 2001-ல் 927 பேர்தான். இப்படிப் பயன்படுத்துவதைத் தடுக்கத்தான் 1994-லேயே பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் வந்தது. கருவியைப் பதிவு செய்ய வேண்டும். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 2012-ல் விதிகள் இன்னும் இறுகின. நடமாடும் மருத்துவ வண்டியைத் தவிர, பதிவு செய்த மருத்துவமனைக்குள் உள்நோயாளிகளுக்கு மட்டுமே அவற்றைப் பயன்படுத்தலாம்.

கழுத்தில் குழாய் வைக்கும் டாக்டருக்கும் இதே சட்டம்தான். ஒரு மருத்துவமனையில் உள்ள கருவியைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த மருத்துவமனைக்குப் போக முடியாது. சட்டத்தின் காரணம் நியாயமானது, அதைத் தளர்த்துவதும் எளிதல்ல. ஆனால் பதிவு செய்த கருவி இல்லாத இடத்தில், குழாய் வைக்கும் டாக்டருக்கு இன்றும் விரல் நுனிதான் வழிகாட்டி.