யார் கைக்கு எடுத்த அளவு?

மூன்று மாநிலங்கள் கூடும் மூலையில் இருக்கிறது நமது ராமகுப்பம். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை குப்பம் வட்டாரம் வட ஆற்காட்டில் இருந்தது. 1953-இல் ஆந்திரத்தில் சேர்ந்தது. எல்லைகள் மாறினவே தவிர, காட்டோரத்துக் கேழ்வரகுக் கொல்லையும் அதைத் தேடி வரும் காட்டுப்பன்றியும் மாறவில்லை. அதனால் பயிர்க்காவல் துப்பாக்கிக்கும் நம் ஊர் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

ரெட்டைக்குழல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 12 போர். ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் குறுக்களவே குழலின் அளவு. 1875-இல் பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் தொழிற்சாலையில் ஆன்சன், டீலி இருவரும் அமைத்த பொறியமைப்புதான் பின்னால் உலகெங்கும் பரவியது.

பழைய ரெட்டைக்குழலில் இரண்டு விசைகள் இருக்கும். வழக்கமாக முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. நடுவே ஏறத்தாழ ஓர் அங்குலம். இது குறைந்தால், பின்விசையை இழுக்கும்போது துப்பாக்கி பின்னுக்கு உதைத்து, முன்விசை விரலின் முதுகில் இடிக்கும், தோல் உரிந்துவிடும். கூடினாலோ பிடியையே நகர்த்த வேண்டிவரும். அதனால்தான் ஆங்கிலேயக் கொல்லர்கள், ஆர்டர் கொடுத்தவரின் தோளையும் கையையும் அளந்து செய்தார்கள். நம்மவர் கைக்கு வந்த பழைய துப்பாக்கி பலவும் வேறொருவர் கைக்கு எடுத்த அளவுதான்!

சட்டமும் அப்படியே. 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் இந்தியருக்கு லைசென்சு கட்டாயம், ஐரோப்பியருக்கோ விலக்கு. விடுதலைக்குப் பின் 1959-இல் இயற்றப்பட்டு 1962-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. பயிர்க்காவலுக்கான துப்பாக்கி லைசென்சுக்கும் அதில் தனியே இடம் வைத்தார்கள்.

சரி, தாத்தா காலத்து ரெட்டைக்குழலில் விரல் இடிக்கிறதே, என்ன செய்வது? விசையின் நாக்கைச் சிறிது வளைத்து இடைவெளியைக் கூட்டலாம், கேட்க எளிது. ஆனால் அந்த நாக்கின் மேற்பரப்பு கடினமேற்றப்பட்ட இரும்பு. ஊர் உலையில் காய்ச்சினால் அந்தக் கடினம் போய்விடும். குளிர வைத்து வளைத்தால் முறியவும் கூடும். ஒரு விசை மற்றதைத் தொட்டால் இரு குழலும் ஒருசேர வெடிக்கலாம். அதோடு, லைசென்சு இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதே 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உரிமம் பெற்ற கொல்லரிடம் கொடுப்பதே அழகு. அவர் விசையில் கை வைக்கும் முன் அடிக்கட்டையின் நீளத்தைப் பார்ப்பார். பல நேரம் குறை அங்கேதான் இருக்கும்.

1980-களில் யானைகள் நம் பக்கம் வந்தன. 1990-இல் கவுண்டின்யா சரணாலயம் அமைந்தது. இன்று கொல்லைக் காவலுக்குத் துப்பாக்கி விடையல்ல. ஆனாலும் பரம்பரையாக வந்த ரெட்டைக்குழல் வீட்டில் இருந்தால், பிள்ளைகளுக்கு அதன் கதையைச் சொல்லுங்கள். அந்த ஓர் அங்குல இடைவெளிக்குள் நம் ஊரின் நூறாண்டுக் கதை இருக்கிறது.