உப்பல் வட்டாரப் பழமொழிகள்

ஐதராபாத்தின் கிழக்கே, மூசி ஆற்றின் வடகரையில், வரங்கல் சாலை நகரைவிட்டுக் கிளம்பும் இடத்தில் இருக்கிறது உப்பல். ஊர்ப் பேச்சு தெலங்கானாத் தெலுங்கு. கூடவே தக்கணி உருதும் புழங்கும். பழமொழிக்கு இங்கே பெயர் 'சாமெத'. ஏட்டு வழக்கில் 'லோகோக்தி'.

இவற்றில் பல தமிழ்க் காதுக்குப் புதியவை அல்ல. 'தானு பட்டின குந்தேலுகு மூடே காள்ளு' என்பது நம்முடைய 'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்'தான். எட்டினால் குடுமியையும் எட்டாவிட்டால் காலையும் பிடிப்பவன் 'அந்திதே ஜுட்டு, அந்தகபோதே காள்ளு' என்று இங்கேயும் வாழ்கிறான். எந்த மொழி எதனிடம் வாங்கியது என்ற வழக்கில் பயனில்லை. இரு மொழியாரும் நெடுங்காலம் அண்டை அயலாய் வாழ்ந்து, கொண்டும் கொடுத்தும் வந்தவர்கள்.

தமிழில் பழமொழிக்கு இலக்கணமே உண்டு. நுட்பம், சுருக்கம், தெளிவு, எளிமை ஆகியவற்றோடு, சொல்லவந்த பொருளை நிலைநாட்டும் காரணமாக வருவதைத் தொல்காப்பியம் முதுமொழி என்றது. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு வெண்பாவுக்கு ஒரு பழமொழியைப் பதித்தது. அச்சில் தொகுக்கும் வேலையைப் பெரிதாக முன்னெடுத்தவர் பீட்டர் பெர்சிவல்: 1842இல் யாழ்ப்பாணத்தில் ஒரு தொகுப்பு, 1874இல் சென்னையில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவற்றோடு விரிந்த பதிப்பு. இடையே 1868இல், படை அதிகாரியான கேப்டன் கார் 'ஆந்திர லோகோக்தி சந்திரிகா' என்ற தெலுங்குத் தொகுப்பைச் சென்னையில் வெளியிட்டார். 1897இல் ஹெர்மன் ஜென்சன் தமிழ்ப் பழமொழிகளைப் பொருள்வாரியாகப் பிரித்தார். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனாலும் அகரவரிசையிலோ பொருள்வாரியாகவோ அடுக்கும்போது, மாமியார் மருமகளிடம் எந்த நேரத்தில் எந்தக் குரலில் சொன்னாள் என்பது விடுபட்டுப்போகிறது. பழமொழியின் உயிர் பாதி அதில்தான் இருக்கிறது.

ஐதராபாத்தில் கண்ணில் படும் வியப்பு ஒன்று. ஆடத் தெரியாதவள் நம் ஊரில் கூடம் கோணல் என்றாளாம். தெலுங்கில் 'ஆடலேக மத்தெல ஓடு': பழுது மத்தளத்தின்மேல். உருதிலோ 'நாச் ந ஜானே, ஆங்கன் டேடா': மறுபடியும் கோணிக்கிடப்பது இடம்தான், இம்முறை முற்றம். நடுவிலிருக்கும் தெலுங்கைத் தாண்டித் தமிழும் உருதும் ஒரே கோணலில் சந்திக்கின்றன. இந்த வடிவங்களில் தமிழில் மட்டும் ஒரு 'ஆம்' கூடுதல். அந்த ஒற்றை விகுதியில் அவள் யாரோ ஒருத்தியாகி, அவள் பேச்சு அடுத்த தெருவரை வந்துவிடுகிறது. இந்தத் தெலுங்கு வடிவில் 'என்றாள்' என்ற வினையே கிடையாது. மூன்றே சொல், மத்தளத்தில் மூன்று தட்டுப்போல.