மருத்துவமனையே வீடாக: அமெரிக்க அறுவை மருத்துவப் பயிற்சியும் பயிற்சியாளர் மனமும்

1889 மே மாதம் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அறுவை மருத்துவராக விரும்பும் ஒருவருக்கு அமெரிக்காவில் முறையான பாதை என ஒன்று இருக்கவில்லை. மருத்துவப் பட்டம் பெற்றவர் மூத்தவர் ஒருவரிடம் சில காலம் உடனிருந்து கற்றார். வசதி படைத்தவராக இருந்தால் வியன்னாவுக்கோ பெர்லினுக்கோ சென்று பெரிய ஆசிரியர்களின் அறுவைகளைப் பார்த்துத் திரும்பினார். இரண்டுக்கும் வழியில்லாதவர் நோயாளியின் உடலிலேயே தம் கையைப் பழக்கிக்கொண்டார். இந்த நிலையை மாற்றியவர் அம்மருத்துவமனையின் அறுவைத் துறைக்குத் தலைமையேற்ற வில்லியம் ஹால்ஸ்டெட். அவர் வகுத்த முறைதான் இன்று உலகின் பல நாடுகளில் ரெசிடென்சி எனப்படும் உறைவிடப் பயிற்சியின் வேர். அந்த முறைக்குள் வாழ்ந்த இளம் மருத்துவர்கள் அதைப் பற்றி என்ன உணர்ந்தார்கள் என்பது, அதன் புகழ் எழுதப்பட்ட அளவுக்கு எழுதப்படவில்லை.

1878 முதல் 1880 வரை ஐரோப்பாவில் கழித்த ஹால்ஸ்டெட், வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத் போன்ற ஆசிரியர்களின் கீழ் உதவியாளர்கள் பல ஆண்டுகள் தங்கிப் படிப்படியாகப் பொறுப்பேற்பதைக் கண்டிருந்தார். அதைப் பால்டிமோருக்குக் கொண்டுவந்தபோது அவர் மூன்று விதிகளை அடிப்படையாகக் கொண்டார்: பயிற்சியாளர் மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருக்க வேண்டும், நோயாளியைப் பற்றிய பொறுப்பு அவருக்கு ஆண்டுதோறும் கூட்டித் தரப்பட வேண்டும், முடிவில் அவர் ஆசிரியருக்கு நிகராக அறுவை செய்யக்கூடியவராக வெளியேற வேண்டும். 1904இல் யேல் பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவரின் பயிற்சி குறித்து அவர் ஆற்றிய உரை இக்கருத்துகளை நாடறியச் செய்தது. உதவியாளராகச் சுமார் ஆறு ஆண்டுகளும் தலைமை ரெசிடென்டாக இரண்டு ஆண்டுகளும் என எட்டாண்டுக் காலம் இதற்குத் தேவைப்பட்டது. அக்காலத்தில் உணவும் உறைவிடமும் கிடைத்தன, ஊதியம் என்று சொல்லத்தக்கது கிடைக்கவில்லை. திருமணம் பயிற்சிக்கு இடையூறு என்றே கருதப்பட்டது.

இந்த முறையின் சிறப்பையும் கொடுமையையும் தனித்தனியே பிரிக்க முடியாது. திசுக்களை நசுக்காமல் மென்மையாகக் கையாளுதல், இரத்தக்கசிவை ஒவ்வொரு புள்ளியாக நிறுத்துதல், மெல்லிய பட்டு நூலால் அடுக்கடுக்காகத் தைத்தல் என மணிக்கணக்கில் நீளும் ஹால்ஸ்டெட்டின் அறுவைகளில் உடன் நின்றவர்கள், விரைவே திறமை என்று எண்ணியிருந்த தலைமுறையின் பழக்கத்தை அங்கேயே கைவிட்டார்கள். ஆனால் ஓரிட உணர்விழப்பு ஆய்வுகளில் தம் உடலிலேயே கொக்கைன் செலுத்திப் பார்த்து அதற்கு அடிமையாகி, பின்னர் மார்ஃபினிலிருந்தும் விடுபட முடியாதிருந்த அந்த ஆசிரியர், ஆண்டில் பல மாதங்கள் வட கரோலினாவின் மலையிலிருந்த தம் இல்லத்தில் கழித்தார். ஊரில் இருந்த நாட்களிலும் பல அறுவைகளை உதவியாளர்களிடமே விட்டார். 1896இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வந்து சேர்ந்த இளம் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் போன்றோர் இவ்வளவு விரைவாகத் தன்னம்பிக்கை பெற்றதற்கு, படிப்படியான பொறுப்பு என்ற கொள்கை எவ்வளவு காரணமோ அவ்வளவு காரணம் ஆசிரியர் அங்கில்லாததும்தான் என்று கொள்வதே பொருத்தம். பின்வந்தவர்கள் கொள்கையை மட்டும் நினைவில் வைத்து, அது பிறந்த சூழலை மறந்துவிட்டார்கள்.

பயிற்சியாளர்களின் மனத்தை நீண்ட காலம் அரித்தது உழைப்பின் கடுமையைவிட எதிர்காலத்தின் நிச்சயமின்மை எனலாம். கூர்ங்கோபுர முறை எனப்பட்ட அமைப்பில், அடித்தளத்தில் பலர் சேர்க்கப்பட்டு ஆண்டுதோறும் சிலர் கழிக்கப்பட, உச்சியில் ஒருவரே தலைமை ரெசிடென்டாக எஞ்சினார். ஹால்ஸ்டெட்டின் முப்பத்து மூன்று ஆண்டுகளில் அந்நிலையை எட்டியவர்கள் 17 பேரே. கழிக்கப்பட்டவர் திறமை குறைந்தவர் என்பதில்லை. அவ்வாண்டு இடம் ஒன்றே இருந்தது, அவ்வளவுதான். அடுத்த படுக்கையில் உறங்கும் நண்பரே போட்டியாளராகவும் இருக்கும் வாழ்க்கை அது. 1939இல் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் எட்வர்ட் சர்ச்சில், குறைவான பேரைத் தேர்ந்தெடுத்து அனைவரையும் இறுதிவரை பயிற்றுவிக்கும் செவ்வக முறையை முன்வைத்தார். நியாயமான இந்த ஏற்பாடு எல்லா இடங்களுக்கும் பரவப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

கோபுரத்தின் வாயிலுக்கே வர முடியாதவர்களும் இருந்தார்கள். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆல்ஃபிரட் பிளாலாக், இதயக் குறைபாட்டால் உடல் நீலம் பாரித்த குழந்தைக்கு முதன்முறையாக அறுவை செய்தபோது, அதன் நுட்பத்தை ஆய்வகத்தில் நாய்களிடம் செய்து தேர்ந்திருந்த விவியன் தாமஸ் அவருக்குப் பின்னால் நின்று வழிகாட்டினார். மருத்துவம் பயில வாய்ப்புக் கிட்டாத கறுப்பின உதவியாளரான தாமஸிடம் இரத்தக் குழாய்களை இணைக்கக் கற்ற ரெசிடென்டுகள் பின்னாளில் நாடெங்கும் துறைத் தலைவர்களானார்கள். டென்னசி மாநிலத்தின் மெஹாரி மருத்துவக் கல்லூரியில், பெண்ணால் இக்கடுமையைத் தாங்க முடியாது என்ற எதிர்ப்பை மீறி அறுவைத் துறைத் தலைவர் மேத்யூ வாக்கர் சேர்த்துக்கொண்ட டோரத்தி பிரவுன், ஐந்தாண்டுப் பயிற்சியை 1954இல் நிறைவு செய்தார்.

உள்ளிருந்தவர்களின் அன்றாட உணர்வை நெருங்கிப் பார்க்க உதவுவது, சமூகவியலாளர் சார்லஸ் பாஸ்க் 1979இல் வெளியிட்ட 'மன்னித்து நினைவில் கொள்' என்னும் நூல். பெரிய பயிற்சி மருத்துவமனை ஒன்றின் அறுவைப் பிரிவில் ரெசிடென்டுகளோடு வார்டு வார்டாக நடந்து, அங்கே தவறுகள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதை அவர் பதிவு செய்தார். கை தவறி நேரும் பிழையை ரெசிடென்ட் உடனே சொல்லிவிட்டால் அது பெரும்பாலும் மன்னிக்கப்பட்டது. மறைத்தாலோ, பார்க்காத நோயாளியைப் பார்த்ததாகச் சொன்னாலோ மன்னிப்புக் கிடையாது. இவ்வளவும் யாரும் ஏற்கத்தக்க ஒழுங்கே. பாஸ்க் சுட்டும் மற்றொரு வகைதான் பயிற்சியாளரைக் குழப்பியது: ஒரு பொறுப்பு மருத்துவர் தமக்கெனக் கொண்ட வழக்கத்தை மீறினால் அதுவும் ஒழுக்கக் குறைவுக்கு நிகராகக் கருதப்பட்டது, ஆனால் பணிமாற்றத்தில் அடுத்த மருத்துவரிடம் சென்றதும் அதே வழக்கம் தவறாகிவிடக்கூடும். நோயாளியின் நலனுக்கான விதி எது, மூத்தவரின் விருப்பம் எது என்று பிரித்தறிய முடியாத நிலையில் இரண்டுக்கும் ஒரே அச்சத்தோடு பணிய வேண்டியிருந்தது. இறப்புகளையும் சிக்கல்களையும் அலசும் துறைக் கூட்டத்திலோ, நடந்ததற்கெல்லாம் தாமே பொறுப்பு என்று பொறுப்பு மருத்துவர் எழுந்து சொல்லும் மரபையும் பாஸ்க் கண்டார். பழியேற்கும் அந்தப் பெருந்தன்மை, அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதையும் கூடவே காட்டியது.

பணிநேரம் பற்றிய கேள்வியை எழுப்பியது அறுவைத் துறைக்கு வெளியே நேர்ந்த ஒரு மரணம். 1984 மார்ச்சில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண், நெடுநேரம் தொடர்ந்து பணியாற்றிய பயிற்சி மருத்துவர்களின் கவனிப்பில் இருந்தபோது இறந்தார். அவருடைய தந்தை நடத்திய போராட்டத்தின் விளைவாக 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பை விதித்தது. 2003இல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. 2011இல் முதலாண்டினர் தொடர்ச்சியாக 16 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றக்கூடாது என்ற விதி சேர்ந்தது.

அறுவைப் பயிற்சியாளர்கள் இவ்விதிகளை ஒருமுகமாக வரவேற்கவில்லை. தாம் அறுத்துத் தைத்த நோயாளிக்கு நள்ளிரவில் இரத்தம் கசியத் தொடங்கும்போது, மணி ஆகிவிட்டது என்பதற்காக அவரை அறியாத ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுச் செல்வது பலருக்கு மனம் ஒப்பாத செயலாக இருந்தது. 117 பயிற்சித் திட்டங்களில் விதிகளைத் தளர்த்தியும் தளர்த்தாமலும் ஒப்பிட்டு 2016இல் வெளியான ஆய்வு இந்த இருமனத்தைத் தெளிவாகக் காட்டுகிறது: நோயாளிகளுக்கு நேர்ந்த விளைவுகளில் வேறுபாடு காணப்படவில்லை; தளர்த்தப்பட்ட திட்டங்களில் இருந்தவர்கள் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க முடிவதில் அதிக நிறைவு கொண்டார்கள், குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் நேரமில்லை என்ற குறையையும் அவர்களே அதிகம் சொன்னார்கள். 16 மணி நேர விதி 2017இல் விலக்கப்பட்டது.

நாடு முழுவதும் பயிற்சியாளர்களிடமே கேட்கும் வழக்கம் இந்நூற்றாண்டில்தான் வேரூன்றியது. 2008இல் எடுத்த கணக்கில் சுமார் 85 விழுக்காட்டினர் தம் பயிற்சியில் நிறைவு தெரிவித்தனர். அதே கணக்கில் கால் பங்குக்கும் மேற்பட்டோர், பயிற்சி முடிந்தபின் தனியே அறுவை செய்யும் துணிவு தமக்கு வராதோ என்று அஞ்சினர். ஹால்ஸ்டெட்டின் ரெசிடென்டுகளிடம் அந்த அச்சத்துக்கு இடமிருந்திருக்காது; அவர்கள் வேறு விலை கொடுத்தார்கள். 2019இல் வெளியான 7,409 பேரின் விடைகளோ மணிக்கணக்கால் அளக்க முடியாத ஒன்றை வெளிக்கொணர்ந்தன. பெண்களில் சுமார் 65 விழுக்காட்டினர் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்திருந்தார்கள், ஏறத்தாழ ஐவரில் ஒரு பெண் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாகியிருந்தார், மொத்தத்தில் 38.5 விழுக்காட்டினரிடம் வாரந்தோறும் பணிச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. பணிச்சோர்வு பெண்களிடம் மிகுதியாகக் காணப்பட்டாலும், இழிநடத்தைக்கு ஆளானது எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்தபோது ஆண் பெண் வேறுபாடு மறைந்துவிட்டது. பெண்ணுடலுக்கு இக்கடுமை ஒவ்வாது என்று டோரத்தி பிரவுன் காலத்தில் சொன்னவர்களுக்கு எண்கள் தந்த விடை அது. இழிநடத்தையின் அளவு திட்டத்துக்குத் திட்டம் பெரிதும் மாறியது என்பதையும் அதே ஆய்வு காட்டியது. சில திட்டங்களில் அது ஏறத்தாழ இல்லாமலே இருந்தது.