வீட்டு நீச்சல்குள வேலி: சோதனைக்கு முன் கவனிக்க வேண்டியவை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரம் உள்ள மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில், வீட்டு நீச்சல்குளத்துக்குத் தடுப்பு வேலி கட்டாயம். சிறு குழந்தைகள் தனியாகக் குளத்தை நெருங்காமல் தடுப்பதே சட்டத்தின் நோக்கம். குறைந்தது 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊராட்சி மன்றம் வேலியைச் சோதிக்கும்.

சோதனைக்கு முன் வீட்டார் பார்க்க வேண்டியவை:

உயரம்: குறைந்தது 1.2 மீட்டர்.

இடைவெளி: கம்பிகளுக்கு நடுவிலும் வேலிக்கு அடியிலும் 100 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது.

கதவு: குளத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திறக்க வேண்டும். சற்றே திறந்து விட்டாலும் தானாக மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும்.

சுற்றுப்புறம்: குழந்தை ஏறக்கூடிய பூச்சட்டி, நாற்காலி போன்றவற்றை வேலியோரத்திலிருந்து அகற்ற வேண்டும்.

சோதனை முடிந்ததும் நாற்காலியை மீண்டும் வேலியோரம் போட்டால், அந்த வேலி இருந்தும் பயனில்லை.