கொடைக்கானலின் இரண்டு பதிவேடுகள்

ஏரி என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது எது? எங்கள் பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் கரை, மதகு, கலங்கல் என்றே சொல்லத் தொடங்குவார்கள். மழை நீரைத் தேக்கி வயலுக்குப் பாய்ச்சுவதற்காக நம் முன்னோர் கட்டியவை நம் ஏரிகள். வயலுக்காக அன்றி, கண்ணுக்கும் மனத்திற்கும் இன்பம் தருவதற்காகவே உருவாக்கப்பட்ட ஏரி ஒன்றும் தமிழ்நாட்டில் உண்டு. அதுதான் கொடைக்கானல் ஏரி.

மாணவர்களுடன் ஒருமுறை அங்குச் சென்றிருந்தபோது, "சார், இந்த ஏரி இயற்கையாகவே உண்டானதா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு விடை தேடினால் ஓர் ஊரின் வரலாறே கிடைக்கிறது. வாருங்கள், அதைப் பார்ப்போம்.

குளிர்ச்சியைத் தேடி

பழனி மலையின் மேல் பகுதியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது கொடைக்கானல். 100 மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 0.65 டிகிரி செல்சியஸ் குறையும். இந்தக் கணக்கின்படி, மதுரை வெயிலில் வாடும் நேரத்தில் கொடைக்கானல் சுமார் 13 டிகிரி குளிர்ந்திருக்கும். காற்றழுத்தம் குறைவாதலால், அங்கே தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். அரிசி வேக நேரமாவதும் அதனால்தான்.

இம்மலை ஆளில்லாத காடாக இருந்ததில்லை. பளியர் முதலிய பழங்குடியினர் இங்கு நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். பூம்பாறை, மன்னவனூர் போன்ற சிற்றூர்களில் உழவும் நடந்து வந்தது. 1821-ஆம் ஆண்டு லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவையாளர் இம்மலைகளை அளந்தார். 1845-இல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்கப் பாதிரிமார்கள் இங்கு முதல் பங்களாக்களைக் கட்டினார்கள்.

அவர்களை மலைக்கு விரட்டியது காய்ச்சல். சமவெளியில் அவர்களும் அவர்களுடைய குழந்தைகளும் நோயுற்று மடிந்துகொண்டிருந்தனர். மலேரியாவுக்குக் காரணம் கெட்ட காற்று என்று நம்பிய காலம் அது. அதைப் பரப்புவது கொசு என்பதற்கான சான்றை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டுபிடித்தது 1897-இல்தான். காரணம் தெரியாமலே அவர்கள் சரியான இடத்திற்கு வந்து சேர்ந்தார்கள். மலேரியாவைப் பரப்பும் கொசுவுக்கும் அதனுள் வளரும் நோய்க் கிருமிக்கும் அந்தக் குளிர் ஒத்துவராது!

ஏரி பிறந்தது

மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வெரே ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-ஆம் ஆண்டு, சிற்றோடைகள் கூடிய ஒரு சதுப்பு நிலத்தின் குறுக்கே அணை கட்டினார். நீர் பள்ளத்தாக்கின் மடிப்புகளுக்குள் புகுந்து நின்றது. ஏரி ஒழுங்கற்ற நட்சத்திர வடிவில் இருப்பது இதனால்தான். அதன் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றளவு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். தூத்துக்குடியிலிருந்து படகு வரவழைக்கப்பட்டது. மீன் குஞ்சுகளும் விடப்பட்டன. ஏரியிலிருந்து வழியும் நீரே, மலைச் சாலையில் நாம் காணும் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது.

அந்நாளில் மலையேறுவது எளிதாக இருக்கவில்லை. பெரியகுளம் பக்கத்திலிருந்து செல்லும் ஒற்றையடிப் பாதையில் துரைமார்கள் குதிரையிலோ, கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியிலோ ஏறிச் சென்றனர். 1875-இல் இரயில் பாதை அமைந்து, இன்று கொடைக்கானல் ரோடு எனப்படும் நிலையம் வரை வண்டியில் வர முடிந்தது. மோட்டார் வண்டிகள் மலைக்கு ஏறும் சாலை 1910-களில்தான் திறக்கப்பட்டது.

பஞ்சமும் சூரியனும்

இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இந்த ஊரை மறக்கக் கூடாது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. இலட்சக்கணக்கானோர் பசியால் மாண்டனர். மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா என்ற கேள்வி எழுந்தது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. அதற்கும் பருவ மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில அறிஞர்கள் கருதினார்கள். அப்படியானால் சூரியனை நாள்தோறும் கவனிக்க வேண்டும் அல்லவா?

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லேயே வானாய்வகம் கட்டப்பட்டிருந்தது. ஆனால் சூரியனை நுட்பமாக ஆராயத் தூசி குறைந்த உயரமான இடம் தேவைப்பட்டது. அந்த இடத்தைத் தேடும் பொறுப்பு, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த மிச்சி ஸ்மித் என்பவரிடம் வந்தது. அவர் பரிந்துரைத்தது கொடைக்கானல். 1899-இல் ஆய்வகம் அங்கு நிறுவப்பட்டது. 1901-இல் ஆய்வுப் பணி தொடங்கியது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் செய்த தேர்வு இது என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்ற அறிஞர் அங்கே சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படம் எடுத்தார். புள்ளியின் ஒரு பக்கத்தில் நிறமாலைக் கோடுகள் நீல நிறப் பக்கம் சற்றே நகர்ந்திருந்தன. மறுபக்கத்தில் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளி நீலப் பக்கமும், விலகிச் செல்லும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமும் நகரும் என்பது டாப்ளர் விளைவு. ஆகவே புள்ளியைச் சுற்றியுள்ள வளையத்தில் வாயுக்கள் உள்ளிருந்து வெளிநோக்கிப் பாய்கின்றன என்று அவர் முடிவு கண்டார். அதன் வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்! இன்றும் உலகம் முழுவதும் இதற்கு 'எவர்ஷெட் விளைவு' என்றுதான் பெயர்.

சூரியப் புள்ளியைக் கொண்டு பஞ்சத்தை முன்னறியும் ஆசை நிறைவேறவில்லை. ஆனால் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் அங்கே சேர்ந்துவிட்டன. கொடைக்கானலின் முதல் பதிவேடு இதுவே.

ஏரி எழுதும் பதிவேடு

இரண்டாவது பதிவேடு ஏரியின் அடியில் இருக்கிறது. மலைச் சரிவில் கழுவப்படுவதும் காற்றில் மிதந்து வந்து விழுவதும் ஆண்டுதோறும் அடுக்கடுக்காகச் சேறாகப் படிகின்றன. ஏரி எதையும் மறப்பதில்லை.

1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இயங்கிய ஒரு வெப்பமானித் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்குக் கொண்டுவரப்பட்டன. வெப்பமானிக்குள் இருப்பது பாதரசம். சாதாரண வெப்பநிலையிலேயே அது மெல்ல ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையில் இருப்பது 2001-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது. பின்னர் விஞ்ஞானிகள் ஏரியின் நீரையும் சேற்றையும் மீன்களையும் சோதித்தபோது அவற்றில் பாதரசம் இருந்தது. மரங்களில் ஒட்டி வளரும் பாசிகளிலும் அது இருந்தது. காற்று வழியாகவும் அது பரவியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. உடல்நலம் கெட்டதாகக் கூறிப் பல ஆண்டுகள் போராடிய முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் 2016-இல் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது.

நோய்க்கு அஞ்சி நல்ல காற்றைத் தேடி மனிதர் அமைத்த ஊரில், அந்தக் காற்றிலேயே நஞ்சு கலந்ததை என்னவென்று சொல்வது?

ஆலை போய்விட்டது, கூட்டம் போகவில்லை. வாகன நெரிசலைக் கட்டுப்படுத்த, உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிறிய பள்ளத்தாக்கில் நாம் விட்டுவரும் புகையும் குப்பையும் கழிவு நீரும் எங்கே போகும்? இறுதியில் ஏரிக்குத்தான்.

அடுத்த முறை நீங்கள் கொடைக்கானல் சென்றால் படகில் ஏறுவதோடு திரும்பிவிடாதீர்கள். சூரிய ஆய்வகத்தையும் பார்த்து வாருங்கள். அங்குள்ள படங்களில் இருப்பது சூரியன் செய்தது. ஏரியின் சேற்றில் இருப்பது நாம் செய்தது. முன்னதை நம்மால் மாற்ற முடியாது. பின்னதன் அடுத்த பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.

ஊர் திரும்பியதும் உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் ஒருமுறை நின்று பாருங்கள். அதன் அடியிலும் ஒரு பதிவேடு இருக்கிறது.